நோயில்லாதவர்களிடம் கூட்டு இன்ஹேலர் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்துமாவுக்கும், சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் தரப்படும் இன்ஹேலர்களில் இரண்டு அல்லது மூன்று மருந்துகள் சேர்ந்தே இருப்பது இப்போது சகஜம். அப்படி ஒன்று புதிதாக வருவதற்கு முன், நுரையீரலில் எந்தக் கோளாறும் இல்லாத சிலர் அதை உறிஞ்சி, பிறகு மணிக்கணக்கில் ரத்தம் கொடுக்கிறார்கள். அந்த ஆய்வில் சேரலாமா என்று யோசிப்பவர்களும், அவர்கள் வீட்டாரும், அதே இன்ஹேலரைத் தினமும் பயன்படுத்தும் நோயாளிகளும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

நோயே இல்லாதவரிடம் சோதித்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

மருந்து நோயைக் குறைக்கிறதா என்பது தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாதிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆரோக்கியமானவரின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே நன்றாகத் திறந்திருக்கிறது. அதைத் திறக்கும் மருந்தைக் கொடுத்தால் பெரிதாக எதுவும் மாறாது.

இந்த ஆய்வு கேட்பது வேறு. உறிஞ்சிய மருந்தில் எவ்வளவு உடலுக்குள் சேர்கிறது, எவ்வளவு வேகமாகச் சேர்கிறது, எத்தனை மணி நேரம் தங்குகிறது, பக்கத்தில் இன்னொரு மருந்து இருந்தால் இந்தக் கணக்கு மாறுகிறதா? இதை அளக்க நோயில்லாத நுரையீரல்தான் வசதி. அலையில்லாத குளத்தில்தான் கல் விழுந்த வளையம் தெளிவாகத் தெரியும். நோயாளியின் மூச்சுக்குழாய் இன்று இருப்பதுபோல் நாளை இருக்காது. சளி கூடும், குறையும், திடீரென்று இறுக்கம் வரும். அந்த மாற்றங்களுக்கு நடுவே இரண்டு இன்ஹேலர்களுக்கு உள்ள சின்ன வித்தியாசம் காணாமல் போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு. நோயாளியைச் சேர்த்தால் அவர் வழக்கமாக எடுக்கும் இன்ஹேலரை நிறுத்திவைக்கச் சொல்ல வேண்டியிருக்கும். வெறும் அளவீட்டுக்காக ஒருவரை மூச்சுத்திணறலில் விடுவது சரியில்லை.

கூட்டு இன்ஹேலரில் அப்படி என்னதான் கூட்டு?

பெரும்பாலும் மூன்று வகை மருந்துகள்தான் மாறி மாறிச் சேர்கின்றன. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும் நீண்டநேரப் பீட்டா தூண்டிகள் ஒரு வகை: சால்மெட்டரால், ஃபார்மோட்டரால், விலான்டரால். அதே தசையை இறுக்கச் சொல்லும் நரம்புச் சைகையைத் தடுப்பவை இரண்டாவது வகை: டையோட்ரோப்பியம், கிளைகோபைரோனியம், உமெக்லிடினியம். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டுகள் மூன்றாவது: புடெசோனைடு, ஃப்ளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன்.

ஃப்ளூட்டிகசோனும் சால்மெட்டராலும் சேர்ந்த அட்வேர் அமெரிக்காவில் 2000ல் அனுமதி பெற்றது. மூன்றும் சேர்ந்த இன்ஹேலர்கள் அதற்கு வெகு காலம் கழித்தே வந்தன. ஐரோப்பாவில் ட்ரிம்போ, அமெரிக்காவில் ட்ரெலிஜி, இரண்டுக்கும் அனுமதி கிடைத்தது 2017ல். மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு காலையில் எது, ராத்திரியில் எது என்று திண்டாடுவதைவிட ஒரே கருவி எளிது, மறந்துபோவதும் குறையும்.

ஒவ்வொரு மருந்தும் தனியாக அனுமதி பெற்றதுதானே? சேர்த்தால் மறுபடியும் ஏன் சோதனை?

மாத்திரையில் இந்தக் கேள்விக்கு ஓரளவு நியாயம் உண்டு. இன்ஹேலரில் கிடையாது. மருந்து நுரையீரலுக்குள் போக வேண்டுமானால் அதன் துகள் ஏறக்குறைய 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதானால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறியதானால் கணிசமான பங்கு மூச்சோடு வெளியே வந்துவிடும். இவ்வளவு நுண்ணிய பொடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் சுபாவம் உள்ளது. இரண்டாவது மருந்தையோ, பொடியில் கலக்கும் பால் சர்க்கரையான லாக்டோஸைக் கூடுதலாகக் கொஞ்சமோ சேர்த்தால் துகள்கள் பிரியும் விதமே மாறலாம். பெட்டியில் எழுதியிருக்கும் மைக்ரோகிராம் அப்படியேதான் இருக்கும். உள்ளே போகிற அளவுதான் மாறியிருக்கும்.

ட்ரெலிஜி வரும் எலிப்டா கருவிக்குள் இரண்டு தனித்தனி மருந்துப் பட்டைகள் இருக்கின்றன. ஒன்றில் ஸ்டீராய்டு மட்டும், மற்றதில் மீதி இரண்டு மருந்துகளும். மூடியைத் திறந்து உறிஞ்சும்போது இரண்டு பட்டைகளிலிருந்தும் பொடி ஒரே மூச்சில் வருகிறது. மூன்றையும் ஒரே பொடியாகக் கலக்காமல் இப்படிப் பிரித்து வைத்த பிறகும், மூன்று மருந்தும் சேரும்போது ரத்தத்தில் வரும் அளவும், இரண்டிரண்டாக எடுக்கும்போது வரும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அப்புறம் உடலுக்குள் நடக்கும் விஷயமும் இருக்கிறது. ஃப்ளூட்டிகசோன், விலான்டரால் இரண்டையும் கல்லீரலில் சிஒய்பி3ஏ4 என்ற ஒரே நொதிதான் முக்கியமாகச் சிதைக்கிறது. கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து அந்த நொதியை அடக்கிவிடும். அப்போது இந்த இன்ஹேலர் மருந்துகள் உடலில் எவ்வளவு ஏறும் என்பதையும் நோயில்லாதவர்களிடம்தான் பார்த்தார்கள். ஆய்வு நாட்களில் பம்ப்ளிமாஸ் வகைப் பழங்களின் சாற்றைக் குடிக்கக் கூடாது என்பதற்கும் இதே நொதிதான் காரணம்.

உறிஞ்சுவது நேராக நுரையீரலுக்குத்தானே போகிறது?

எல்லாம் போவதில்லை. கருவியையும் உறிஞ்சும் விதத்தையும் பொறுத்து, ஒரு டோஸில் சுமார் 10 முதல் 50 சதவீதம் வரைதான் நுரையீரலைச் சேர்கிறது. மீதியில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் படிந்து, எச்சிலோடு வயிற்றுக்குப் போகிறது. ஆகவே ரத்தத்தில் காணும் மருந்துக்கு இரண்டு வழிகள் இருக்கலாம்: நுரையீரல் வழி ஒன்று, குடல் வழி ஒன்று.

குடல் வழி எவ்வளவு முக்கியம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். ஃப்ளூட்டிகசோனின் ஒரு வடிவமான ஃப்ளூட்டிகசோன் புரோபியோனேட்டை விழுங்கினால் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே ரத்தத்துக்குள் வரும், மற்றதைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். புடெசோனைடில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தப்பி வரும். பெக்லோமெத்தசோனில் இன்னும் அதிகம்.

அதனால்தான் கரித்தூள் குடிக்கச் சொல்கிறார்களா?

ஆமாம். கறுப்பாக, மணல்போல் நறநறவென்று இருக்கும் ஒரு கலவை. இன்ஹேலர் எடுப்பதற்குச் சற்று முன்னும், எடுத்த உடனேயும், அதற்குப் பிறகு சில தடவையும் குடிக்க வேண்டும். மருத்துவத் தரமான இந்தக் கரி வயிற்றில் விழும் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், குடல் வழியாக ரத்தத்துக்குப் போக விடாது. அப்படியென்றால் ரத்தத்தில் இப்போது தெரிவது நுரையீரல் வழியாக வந்தது மட்டும்தான்.

சில ஆய்வுகளில் அதே இன்ஹேலரைக் கரியோடு ஒரு முறையும், கரி இல்லாமல் ஒரு முறையும் எடுக்கச் சொல்வார்கள். கரியோடு எடுத்தது நுரையீரலுக்கு எவ்வளவு போனது என்று காட்டும். கரி இல்லாமல் எடுத்தது மொத்த உடலுக்கும் எவ்வளவு போனது, அதாவது பக்கவிளைவுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும். ஃப்ளூட்டிகசோன் மாதிரி குடல் வழியே இல்லாத மருந்துக்குக் கரி தேவையில்லை. நுரையீரல் வழியாகச் சில நிமிடங்களிலேயே உச்சத்துக்குப் போகும் மருந்துகளுக்கும், முதல் அரை மணி நேர ரத்த அளவை மட்டும் தனியாகப் பார்த்தால் போதும் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் இடம் தருகிறது. குடல் வழி மருந்து அவ்வளவு சீக்கிரம் வந்து சேராது என்பது அதன் அடிப்படை. கரி குடித்த மறுநாள் மலம் கறுப்பாகப் போகும். பயப்பட வேண்டாம், அதைச் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

மருந்து வேலை செய்யும் இடம் மூச்சுக்குழாய். அப்புறம் ஏன் ரத்தத்தை அளக்கிறார்கள்?

நியாயமான சந்தேகம். மாத்திரை விஷயத்தில் மருந்து முதலில் ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து வேலை செய்யும் இடத்துக்குப் போகிறது. இன்ஹேலரில் வரிசை தலைகீழ். முதலில் வேலை செய்யும் இடம், அதைத் தாண்டித்தான் ரத்தம். நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு எவ்வளவு, எந்த வேகத்தில் வந்தது என்பதை வைத்து, அங்கே எவ்வளவு படிந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணிக்கிறார்கள்.

இது மறைமுக ஆதாரம்தான். மூச்சுக்குழாயின் எந்தப் பகுதியில் படிந்தது என்பதை ரத்தம் நேராகச் சொல்லாது. ஆனால் வேறு வழிகள் இதைவிடச் சிரமமானவை. கதிரியக்கப் பொருள் சேர்த்துப் படம் எடுக்கலாம், ஆனால் அதற்காக மருந்துப் பொடியையே மாற்ற வேண்டியிருக்கும், கதிர்வீச்சும் சேர்ந்துவிடும். என்னைக் கேட்டால், ரத்த அளவீடு ஒரு நல்ல துப்பு, முழு சாட்சி இல்லை. அதை முழு சாட்சியாகக் காட்டும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

அளவிடும் அளவுகளும் மலைக்க வைப்பவை. டோஸ் மைக்ரோகிராமில் இருக்கும். ரத்தத்தில் தேடுவது ஒரு மில்லிலிட்டருக்குச் சில பிக்கோகிராம். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஆய்வறையில் யாராவது டோஸ் எடுத்த அதே கையோடு ரத்தக் குழாயைத் தொட்டால், அந்தத் தூசியே முடிவைக் கெடுத்துவிடும். இதனால்தான் மருந்து உறிஞ்சும் அறையும் ரத்தம் எடுக்கும் அறையும் பெரும்பாலும் தனித்தனியாக இருக்கின்றன. சில ஆய்வுகளில் வழக்கமான ஒரே டோஸுக்குப் பதில் அடுத்தடுத்துச் சில முறை உறிஞ்சச் சொல்வதும் ரத்தத்தில் அளக்கும்படியாக ஏதாவது இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

ஒரே ஆளை இரண்டு மூன்று தடவை வரச் சொல்வது ஏன்?

ஒவ்வொருவரும் தனக்குத்தானே ஒப்பீடு. முதல் முறை கூட்டு இன்ஹேலர், அடுத்த முறை தனித்தனி இன்ஹேலர்கள் என்று, குலுக்கல் முறையில் வரிசை மாறி வரும். உங்கள் தொண்டையின் வடிவமும் கல்லீரலின் வேகமும் இரண்டு தடவையும் ஒன்றுதான், அதனால் வித்தியாசம் தெரிந்தால் அது இன்ஹேலருடையதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். இந்த அமைப்பால் ஆட்களும் குறைவாகவே தேவைப்படுவார்கள்.

நடுவில் இடைவெளி விடுவார்கள். ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு என்பது வழக்கம். உறிஞ்சும் மருந்தில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சில மருந்துகள் நுரையீரலிலிருந்து மிக மெதுவாகவே ரத்தத்துக்கு இறங்கும். ஃப்ளூட்டிகசோனின் இன்னொரு வடிவமான ஃப்ளூட்டிகசோன் ஃபுரோயேட் அப்படி ஒன்று. உறிஞ்சிய பிறகு அது பாதியாகக் குறைய சுமார் 24 மணி நேரம் ஆகிறது. உடல் அதை அவ்வளவு மெதுவாக வெளியேற்றவில்லை, நுரையீரல்தான் அதை அவ்வளவு மெதுவாக விடுகிறது. ஆகவே சில மருந்துகளுக்கு ரத்தம் எடுப்பது முதல் நாளோடு முடியாமல் மூன்று நான்கு நாட்கள்கூட நீளும்.

80 முதல் 125 என்று ஒரு கணக்கு சொல்கிறார்களே, 20 சதவீதம் குறைந்தாலும் பரவாயில்லையா?

இல்லை. புது இன்ஹேலரின் ரத்த அளவைப் பழையதன் அளவால் வகுத்து வரும் விகிதத்துக்கு 90 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் பெரும்பாலும் எந்த எல்லைகளுக்குள் இருக்கும் என்பதை, கணக்கிடுகிறார்கள். அந்த இடைவெளி முழுவதும் 80.00 முதல் 125.00 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். சராசரி மட்டும் உள்ளே இருந்தால் போதாது, இரண்டு முனைகளும் உள்ளே இருக்க வேண்டும். உண்மையில் 20 சதவீதம் குறைவாகத் தரும் இன்ஹேலர் இந்தத் தேர்வில் தேறுவது மிகக் கடினம். கீழே 20, மேலே 25 என்று ஒரு பக்கம் சாய்ந்ததுபோல் தோன்றுகிறதா? விகிதக் கணக்கில் 0.8ன் தலைகீழ் 1.25, அவ்வளவுதான்.

உச்ச அளவு, மொத்த அளவு, இரண்டுக்கும் தனித்தனியாக இந்தச் சோதனை உண்டு. கூட்டு இன்ஹேலரில் மூன்று மருந்து இருந்தால் மூன்றுக்கும். ஒன்று தேறி இன்னொன்று தவறுவது நடக்கும், அப்போது பொடித் தயாரிப்பிலோ கருவியிலோ கை வைக்க வேண்டிவரும்.

ஒரே கம்பெனியின் ஒரே இன்ஹேலர் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்குமா?

இந்தக் கேள்வி கேட்பவர்கள் குறைவு. ஆனால் இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தலைவலி தருவது இதுதான். அட்வேரின் பொடி இன்ஹேலரான அட்வேர் டிஸ்கஸின் வெவ்வேறு பேட்ச்களை (தயாரிப்புத் தொகுதிகளை) நோயில்லாதவர்களிடம் ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது, மேலே சொன்ன எல்லைக்குள் அவை வரவில்லை. அசல் மருந்தே தன்னோடு தான் ஒத்துப்போகவில்லை என்றால், அதன் நகலான ஜெனரிக்கைத் தயாரிக்கும் கம்பெனி எந்தப் பேட்சோடு ஒத்துப்போக வேண்டும்? சோதனைக்கு எடுக்கும் பேட்சின் துகள் அளவு, அசல் இன்ஹேலரின் வழக்கமான அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் ஆய்வகத்தில் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

அட்வேர் டிஸ்கஸுக்குப் பதிலாக மாற்றிப் பயன்படுத்தக்கூடிய முதல் ஜெனரிக்கை, விக்ஸெலா இன்ஹப், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019 ஜனவரியில்தான் அனுமதித்தது. ரத்த அளவுகள் மட்டும் போதாது என்பது அந்த நிர்வாகத்தின் நிலை. ஆய்வகச் சோதனை, கருவியின் ஒற்றுமை, நோயில்லாதவர்களின் ரத்த அளவு, நோயாளிகளிடம் பலன் என்று எல்லாவற்றையும் சேர்த்து எடை போடுகிறார்கள். ஐரோப்பாவில் படிப்படி முறை: ஆய்வகச் சோதனையில் ஒத்துப்போனால் அங்கேயே நிறுத்தலாம், இல்லையென்றால் ரத்த அளவு, அதுவும் தவறினால் நோயாளிகளிடம். எது சரி என்று நிபுணர்களே ஒத்துப்போவதில்லை.

மருந்து மாறவில்லை, அதைத் தள்ளும் வாயு மட்டும் மாறுகிறது. அதற்குமா மனிதர்களிடம் சோதனை?

ஆமாம், அதற்கும்தான். அழுத்தினால் பீய்ச்சும் இன்ஹேலர் 1956ல் விற்பனைக்கு வந்தது. அதில் மருந்தைத் தள்ளிய வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பது என்று தெரிந்தது. 1987ன் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த வாயுவை மாற்றினார்கள். மாற்றியபோது பெக்லோமெத்தசோனில் என்ன நடந்தது தெரியுமா? பழைய வாயுவில் மிதக்கும் பொடியாக இருந்தது, புது வாயுவில் கரைந்துவிட்டது. துகள் மிகச் சிறியதாகி, நுரையீரலுக்குப் போவது பல மடங்கு கூடியது. புதிய தயாரிப்பு ஒன்றில் டோஸைப் பாதியாகக் குறைக்க வேண்டிவந்தது.

இப்போது அடுத்த சுற்று. தற்போதைய வாயுவான எச்எஃப்ஏ-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். அதற்குப் பதிலாக வரும் வாயுக்களில் புடெசோனைடு, கிளைகோபைரோனியம், ஃபார்மோட்டரால் மூன்றும் சேர்ந்த இன்ஹேலரைப் பழையதோடு ஒப்பிட்ட ஆய்வு நோயில்லாதவர்களிடம்தான் நடந்தது. அந்தப் புது வாயு இன்ஹேலருக்கு 2025ல் பிரிட்டனில் அனுமதி கிடைத்தது. வரும் ஆண்டுகளில் இந்த மாதிரி ஆய்வுகள் நிறைய நடக்கும்.

யார் சேரலாம்?

பொதுவாக 18 வயதுக்கு மேல், பெரும்பாலும் 55 அல்லது 60க்குள். எடை உயரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். புகைபிடிக்காதவராக இருக்க வேண்டும், நிக்கோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் கோட்டினின் சிறுநீரில் இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்வார்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் ஒரு நொடியில் வெளிவிடும் காற்று, உங்கள் வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் அளவில் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். ஈசிஜி, ரத்தம், சிறுநீர், மது, போதைப்பொருள், பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை எல்லாம் உண்டு.

சிறுவயதில் ஆஸ்துமா இருந்து இப்போது இல்லை என்பவரையும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. சமீபத்தில் சளிக்காய்ச்சல் வந்தவர் காத்திருக்க வேண்டும். அவர் இருமினால் டோஸே போய்விடும். பால் புரதத்துக்குக் கடுமையான அலர்ஜி இருந்தால் லாக்டோஸ் கலந்த பொடி இன்ஹேலர் ஆபத்து. குறுகிய கோண குளுக்கோமா, சிறுநீர் போவதில் சிரமம் இருந்தால் நரம்புச் சைகையைத் தடுக்கும் இரண்டாம் வகை மருந்துகள் ஒத்துவராது.

அடுத்தடுத்து ஆய்வுகளில் சேர்வதைத் தயவுசெய்து மறைக்காதீர்கள். உங்கள் உடலில் மிச்சமிருக்கும் இன்னொரு மருந்து உங்களுக்கும் ஆபத்து, ஆய்வையும் கெடுக்கும். பிரிட்டன், பிரான்ஸ் போன்ற நாடுகளில் இதைக் கண்டுபிடிக்கத் தனிப் பதிவேடே வைத்திருக்கிறார்கள்.

உறிஞ்சுவதற்குப் பயிற்சி எல்லாம் தேவையா?

மிகமிகத் தேவை. மொத்த ஆய்வும் அந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது. பீய்ச்சும் இன்ஹேலருக்கு மெதுவாக, ஆழமாக உறிஞ்ச வேண்டும், அழுத்துவதும் உறிஞ்சுவதும் ஒன்றாக வர வேண்டும். பொடி இன்ஹேலருக்கு நேர்மாறு: வேகமாக, பலமாக இழுத்தால்தான் பொடி பிரியும். பிறகு சுமார் 10 நொடி மூச்சைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். மருந்தில்லாத டம்மி கருவியிலும், காற்றின் வேகத்தைக் காட்டும் கருவியிலும் திரும்பத் திரும்பப் பயிற்சி தருவார்கள். ஒழுங்காக வரவில்லையென்றால் சேர்க்க மாட்டார்கள். அதில் வருத்தப்பட எதுவும் இல்லை. வருடக்கணக்கில் இன்ஹேலர் எடுக்கும் நோயாளிகளிலேயே பலர் தவறாகத்தான் உறிஞ்சுகிறார்கள்.

என்னென்ன பக்கவிளைவுகள் வரலாம்?

பீட்டா தூண்டிகளால் கை நடுக்கம், படபடப்பு, தலைவலி வரலாம். ரத்தத்தில் பொட்டாசியம் குறையலாம், சர்க்கரை கொஞ்சம் ஏறலாம். இரண்டாம் வகையால் வாய் உலரும். ஸ்டீராய்டு ஒன்றிரண்டு டோஸில் பெரும்பாலும் எதையும் காட்டாது; நாள்பட எடுக்கும் ஆய்வில் தொண்டை கரகரக்கலாம், வாயில் பூஞ்சை வரலாம், உடல் தானாகச் சுரக்கும் கார்ட்டிசோல் குறையலாம். வாய் கொப்பளிக்கச் சொல்வது பூஞ்சை வராமல் இருக்கத்தான். அரிதாக, மூச்சுக்குழாயைத் திறக்க வேண்டிய மருந்தே அதை இறுக்கிவிடுவதும் உண்டு. அதற்கான அவசர மருந்து பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பெரும்பாலானோர் அதிகமாகப் புலம்புவது இவற்றைப் பற்றி அல்ல. கையில் செருகிய ஊசிக்குழல், முதல் ஒரு மணி நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரத்தம், அசையாமல் உட்கார்ந்திருப்பது, போர் அடிப்பது. எடுக்கும் மொத்த ரத்தம் ஒரு முறை ரத்ததானத்தில் தரும் அளவைத் தாண்டாதபடி திட்டமிடுவது வழக்கம். ஒப்புதல் படிவத்தில் அது மில்லிலிட்டரில் எழுதியிருக்கும், பாருங்கள்.

நோயில்லாதவர்கள் ஆய்வில் இறந்ததாகப் படித்தேன். உண்மையா?

உண்மைதான், மூன்று சம்பவங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2006ல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற புத்தம் புது மருந்தை ஆறு பேருக்குச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஊசியாகப் போட்டார்கள். ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள், உயிர் பிழைத்தார்கள். 2016ல் பிரான்ஸின் ரென் நகரில் ஒரு புது மாத்திரையின் ஆய்வில் ஒருவர் இறந்தார். இரண்டுமே மனிதருக்கு முதல்முறையாகத் தரப்பட்ட மூலக்கூறுகள். முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்து, காத்திருந்து, பிறகுதான் மற்றவர்களுக்கு என்ற விதி இறுகியது இவற்றால்தான். ஏற்கெனவே லட்சக்கணக்கானவர்கள் எடுக்கும் மருந்துகளின் கூட்டு இந்த ரகம் இல்லை.

நமக்கு நெருக்கமானது மூன்றாவது. 2001ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆரோக்கியமான மூச்சுக்குழாய் எப்படித் தன்னைத் திறந்து வைத்துக்கொள்கிறது என்று பார்க்கும் ஆய்வில் சேர்ந்த 24 வயதுப் பெண் ஒருவர் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பழைய ரத்த அழுத்த மருந்தை உறிஞ்சினார். நுரையீரல் பழுதாகி ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார். உறிஞ்சுவதற்கு அந்த மருந்துக்கு அனுமதியே இருந்ததில்லை. அது நுரையீரலைக் கெடுக்கலாம் என்ற தகவல் 1950களின் கட்டுரைகளில் இருந்தது, ஆய்வாளரின் தேடல் அங்கே எட்டவில்லை. பழைய மருந்துதானே என்ற நினைப்பு எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ரத்தத்தில் போகும் மருந்து நுரையீரலுக்கும் ஒத்துப்போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே சேருவதற்கு முன் ஒரு கேள்வியாவது கேளுங்கள்: இதிலுள்ள ஒவ்வொரு பொருளும், மருந்தல்லாத பொருட்கள் உட்பட, இதற்கு முன் மனிதர்கள் உறிஞ்சியதுதானா? பதில் தெளிவாக வரவில்லையென்றால் வீட்டுக்குப் போய்விடலாம்.

நடுவில் விலகலாமா? பணம் கிடைக்குமா?

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம். கடைசியாக ஒரு பாதுகாப்புப் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள், அதற்குப் போவது உங்கள் நல்லதுக்கு. பணம் உங்கள் நேரத்துக்கும் அசௌகரியத்துக்கும்தான், ஆபத்துக்கு விலை அல்ல என்பது நெறிமுறைக் குழுக்களின் நிலை. இருந்த நாட்களுக்கு ஏற்பப் பிரித்துத் தர வேண்டும். முழுவதும் முடித்தால்தான் ஒரு காசு என்று எழுதியிருந்தால் அந்த ஆய்வு சரியில்லை. பக்கவிளைவு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நோயில்லாதவரின் முடிவு நோயாளிக்கு எப்படிப் பொருந்தும்?

அப்படியே பொருந்தாது, எந்தப் பக்கம் பிசகும் என்பது ஓரளவு தெரியும். ஃப்ளூட்டிகசோன் புரோபியோனேட்டை ஆஸ்துமா நோயாளிகளும் ஆரோக்கியமானவர்களும் ஒரே அளவில் உறிஞ்சியபோது, நோயாளிகளின் ரத்தத்தில் சேர்ந்தது பாதிக்கும் குறைவாக இருந்தது. மூச்சுக்குழாய் இறுகியிருப்பதால் மருந்து உள்ளே ஆழமாகப் போகாமல் பெரிய குழாய்களிலேயே படிகிறது. மெதுவாகக் கரையும் அந்தத் துகளைக் கரைவதற்குள் சளி மேலே தள்ளிவிடுகிறது. வேகமாகக் கரையும் புடெசோனைடில் இந்த வித்தியாசம் அவ்வளவு இல்லை.

ஆகவே உடல் முழுவதும் பரவுவதைப் பொறுத்தவரை நோயில்லாதவரின் அளவு பெரும்பாலும் மேல் வரம்பு மாதிரி, பாதுகாப்புக் கணக்குக்கு நல்லது. பலன் எவ்வளவு, மூச்சுத்திணறல் முற்றுவது குறைகிறதா, கூட்டு தனித்தனியைவிட மேலா என்பதெல்லாம் நோயாளிகளிடம் மாதக்கணக்கில் நடக்கும் பெரிய ஆய்வுகளில்தான் தெரியும்.

ஆய்வின் முடிவை நான் பார்க்க முடியுமா?

கேட்டால் சொல்ல வேண்டும், ஆனால் நீங்கள்தான் கேட்க வேண்டியிருக்கும். மனிதர்களிடம் செய்யும் எல்லா ஆய்வையும் பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும் என்கிறது மருத்துவ ஆய்வு நெறிமுறைகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனம். ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் முதல் கட்ட ஆய்வுகளுக்குப் பதிவு கட்டாயமில்லை, இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை. ஒப்புதல் படிவத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குறித்து வைத்துக்கொண்டு ஓராண்டு கழித்துத் தேடலாம். இல்லையென்றால் கையெழுத்துப் போடும் முன்பே, முடிவுகளை எங்கே எப்போது வெளியிடுவீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.